துக்க நகை: முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் தனக்கு

2019-இல் பிபிசி தொலைக்காட்சியின் பழம்பொருள் மதிப்பிடும் நிகழ்ச்சி ஒன்றுக்கு ஒரு பெண் மோதிரம் ஒன்றைக் கொண்டுவந்தார். காலமான மாமனாரின் பொருட்களுக்கிடையே, பூட்டிக் கிடந்த பெட்டியில் கிடைத்தது அது. உட்பக்கத்தில் நாவலாசிரியை சார்லட் பிரான்டேயின் பெயரும் 1855 மார்ச் என்ற தேதியும் பொறித்திருந்தன. சார்லட் இறந்தது அந்த மார்ச் 31-ஆம் நாள். மோதிரத்தில் சின்னதாக ஒரு கீல் இருந்தது. அதைத் திறந்தால் உள்ளே மெல்லிய பின்னலாக மனிதத் தலைமுடி.

சார்லட்டிடமும் இப்படி ஒரு நகை இருந்தது. 1848 செப்டம்பரில் தம்பி பிரான்வெல் போனார். டிசம்பரில் தங்கை எமிலி. அடுத்த மே மாதம் கடைசித் தங்கை ஆன். எட்டே மாதத்தில் வீட்டில் மூன்று சாவு. எமிலி, ஆன் இருவருடைய முடியையும் சேர்த்துப் பின்னி, செவ்வந்திக்கல் வைத்துக் கட்டிய ஒரு கைவளை, யார்க்‌ஷயரின் ஹாவர்த் ஊரில் அவர்கள் வாழ்ந்த வீட்டிலேயே இயங்கும் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. கல் பதித்த பகுதி மட்டுமே நகை மாதிரி தெரியும். மற்றதெல்லாம் பழுப்பு நிறப் பின்னல். தெரியாதவர் பார்த்தால் பட்டுக்கயிறு என்றுதான் நினைப்பார்.

இங்கிலாந்தில் சுமார் 300 ஆண்டுகள் செழித்திருந்த துக்க நகைகளைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவற்றைத் திருப்பிப் பார்ப்பதுதான். ஒரு சராசரி துக்க ப்ரூச்சை, அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் நகையை, எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கறுப்பு எனாமல், நடுவே ஒரு முத்து, சுற்றிலும் 'நினைவாக' என்று ஆங்கிலத்தில் பொன்னெழுத்து. வீதியில் எதிரே வருபவர் அதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார். பின்பக்கம், சட்டையோடு ஒட்டி மார்பில் படுகிற இடத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழி. அதற்குள் ஒரு சுருள் முடி, இறந்தவரின் பெயர், தேதி, வயது. இதை எதிரே வருபவர் பார்க்கவே முடியாது. போட்டிருப்பவருக்கும் பார்த்தால் தெரியாது, அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பு மட்டும்தான். ஒரே நகைக்குள் இரண்டு வேலை. இந்த இரண்டில் எது எப்போது ஓங்கியது என்பதுதான் இந்த நகைகளின் வரலாறு.

தொடக்கத்தில் இந்த நகைகளுக்கும் குறிப்பிட்ட ஒரு ஆளின் சாவுக்கும் சம்பந்தமே இல்லை. 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பாவில் மண்டையோடு, குறுக்கெலும்பு, சவப்பெட்டி, மணற்கடிகாரம் பொறித்த மோதிரங்களை உயிரோடு நல்ல நிலையில் இருப்பவர்களே போட்டுக்கொண்டார்கள். 'மெமென்டோ மோரி' என்ற லத்தீன் சொற்றொடர் அவற்றின் பொருளைச் சொல்லிவிடும்: நீ சாகப்போகிறவன், மறவாதே. பட்டினத்தார் பாடலைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த மனநிலை அந்நியமே இல்லை. அவர் காதற்ற ஊசியைக் காட்டினார். அவர்கள் தங்கத்தில் மண்டையோடு செய்து விரலில் மாட்டினார்கள்.

பிறகு மோதிரம் உயிலுக்குள் வந்தது. 1616-இல் எழுதிய உயிலில் ஷேக்ஸ்பியர் தன் நாடகக் குழுத் தோழர்கள் ஜான் ஹெமிங்ஸ், ரிச்சர்ட் பர்பேஜ், ஹென்றி காண்டெல் மூவருக்கும் ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதிவைத்தார், மோதிரம் வாங்கிக்கொள்ள. பர்பேஜ் மூன்றே ஆண்டுகளில் இறந்துவிட்டார். மற்ற இருவரும் 1623-இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை ஒரே பெருந்தொகுப்பாக அச்சுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தொகுப்பு இல்லையென்றால் 'மெக்பெத்' போன்ற நாடகங்கள் நமக்குக் கிடைத்திருக்கவே வாய்ப்பில்லை. மோதிரக் காசு வாங்கியவர்கள் கடனைத் தீர்த்த விதம் என்று இதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

இந்த வழக்கம் சீக்கிரமே அந்தஸ்துக் கணக்காக மாறியது. நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் 1703-இல் இறந்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட மோதிரங்கள் வழங்கப்பட்டன. வாங்குபவரின் தராதரத்தைப் பொறுத்து மோதிரத்தின் விலையும் மாறியது. அட்லாண்டிக்கைத் தாண்டிய ஆங்கிலேயர்கள் இதையும் கூடவே எடுத்துப் போனார்கள். பாஸ்டன் நீதிபதி சாமுவேல் சூவல், எந்தச் சாவு வீட்டில் தனக்கு மோதிரம் கிடைத்தது என்று தன் நாட்குறிப்பில் எழுதிவைத்துக்கொண்டே வந்தார். ஐம்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

முடி நகைக்குள் வந்ததில் ஒரு அரசன் தலை உருண்ட கதையும் உண்டு. 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸ் மன்னன் லண்டனில் எல்லோர் கண்முன்னும் வெட்டிக் கொல்லப்பட்டான். முடியாட்சி போய்விட்டது. மன்னனுக்காக வெளிப்படையாக அழுவது ஆபத்து. அவனுடைய ஆதரவாளர்கள் அவன் உருவத்தை நகத்தளவில் வரைந்து மோதிரத்திலும் பதக்கத்திலும் ஒளித்து வைத்தார்கள். சிலவற்றில் அவன் முடி என்று சொல்லப்பட்ட இழைகளும் இருந்தன. துக்க நகைக்கு ஒரு ரகசியப் பின்பக்கம் அமைந்ததில் அந்தக் காலத்தின் அச்சத்துக்கும் பங்கு உண்டு. அந்த நூற்றாண்டின் கடைசியில் பட்டை தீட்டிய ஸ்படிகத்துக்கு அடியில் முடிப் பின்னல் விரித்து, அதன்மேல் பொன்கம்பியில் இறந்தவரின் பெயரெழுத்துகளை வளைத்து வைக்கும் பாணி பரவியது. கழுத்திலோ மணிக்கட்டிலோ வெல்வெட் நாடாவில் கோத்துக் கட்டிக்கொள்வார்கள்.

18-ஆம் நூற்றாண்டில் மண்டையோடு மெல்ல விலகுகிறது. மோதிரத்தின் பட்டை முழுக்கப் பெயரும் இறந்த நாளும் வயதும் எனாமலில் ஓடுகின்றன. கறுப்பு எனாமல் பொதுவானது. மணமாகாமல் இறந்தவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வெள்ளை. 1770-களுக்குப் பிறகு கிரேக்க, ரோமானியச் சாயல் வந்தது. தந்தத் தகட்டில் பழுப்பு மையால் ஒரு கலசம், அதன்மேல் சாய்ந்து நிற்கும் பெண், தலைக்குமேல் கிளைகள் தொங்கும் வில்லோ மரம். அந்தப் பழுப்பு மையைக் கவனிக்க வேண்டும். சில ஓவியங்களில் இறந்தவரின் முடியைப் பொடியாக நறுக்கி மையோடு குழைத்திருக்கிறார்கள். இறந்தவருக்காக அழும் பெண்ணின் உருவம் இறந்தவரின் உடம்பாலேயே வரையப்பட்டிருக்கிறது.

ஏன் முடி? உடம்பில் எல்லாம் அழுகும், முடி அழுகாது. கெரட்டின் என்ற புரதம் அவ்வளவு சீக்கிரம் சிதைவதில்லை. காற்றுப் புகாத கண்ணாடிக்குள் வைத்தால் 200 ஆண்டுகள் கழித்தும் பொன்னிறம் பொன்னிறமாகவே இருக்கிறது. இருபது வயதில் இறந்த ஒரு பெண்ணின் முடி, அவளை நினைத்துக்கொண்டு நரைத்துப்போன அம்மாவின் மார்பில் நரைக்காமலே கிடக்கும். புகைப்படம் இல்லாத காலத்தில் இதைவிட உறுதியான நினைவுப்பொருள் என்ன இருந்துவிட முடியும்?

நமக்கு இது சட்டென்று ஒட்டாது. 'தலையின் இழிந்த மயிரனையர்' என்று தாழ்ந்துபோனவருக்கே முடியை உவமையாக்கியவர் வள்ளுவர். உதிர்ந்த முடியை வீட்டுக்குள் விடாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் கொஞ்சம் நின்று, அந்த முடி வேலை எப்படி நடந்தது என்று பார்க்கச் சொல்கிறேன். அருவருப்பு தானாகவே குறையும்.

முதலில் முடியை நீளவாரியாகப் பிரிப்பார்கள். பிறகு சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார்கள். 20, 30 முடி என எண்ணி ஒவ்வொரு புரியாகக் கட்டுவார்கள். நடுவே ஓட்டை உள்ள ஒரு வட்ட மேசை. புரிகளின் ஒரு முனையெல்லாம் மேசையின் நடுவே சேர்ந்திருக்கும். மறுமுனையில் ஒவ்வொன்றிலும் ஒரு ஈயக் குண்டு கட்டி மேசை விளிம்பைச் சுற்றித் தொங்கவிடுவார்கள். இந்தப் புரியை அந்தப் பக்கம், அந்தப் புரியை இந்தப் பக்கம் என்று ஒரு கணக்கில் மாற்றி மாற்றிப் போட, நடுவில் இருக்கும் கம்பியைச் சுற்றிக் குழல்போலப் பின்னல் இறங்கும். முடிந்ததும் மறுபடி கொதிக்கவைத்து உலர்த்தினால் வடிவம் நின்றுவிடும். கம்பியை உருவிவிட்டு, பொற்கொல்லரிடம் கொடுத்துக் கொக்கியும் பூணும் வைத்துக்கொள்ளலாம். காதணி, கடிகாரச் சங்கிலி, கைவளை எல்லாம் இப்படியே செய்தார்கள். இன்னொரு முறையில் முடியைத் தட்டையாகக் கோந்தில் படியவைத்து, சூடான கம்பியால் இறகுபோலச் சுருட்டி, தந்தத்திலோ பால்நிறக் கண்ணாடியிலோ ஒட்டி, அடியில் பொன்னிழையும் பொடி முத்தும் வைத்துக் கட்டுவார்கள்.

ஸ்வீடனின் வோம்ஹூஸ் என்ற வறிய ஊரின் பெண்கள் இந்த வேலையில் பேர்போனவர்கள். விளைச்சல் போதாத ஊர். பிழைப்புக்காக ரஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து வரை போய் வீடு வீடாக முடி நகை பின்னிக் கொடுத்து ஊருக்குப் பணம் அனுப்பினார்கள். அந்தக் கை வேலை அங்கே இன்னும் அழியவில்லை.

லண்டன் கடைகளில் கதை வேறு. முடியைக் கொடுத்துவிட்டு வந்த தாய்க்கு ஒரு பயம் இருக்கும்: திரும்பி வருவது என் பிள்ளையின் முடிதானா? பயத்துக்குக் காரணம் இருந்தது. குட்டையான, வலுவற்ற முடியைப் பின்னுவது கஷ்டம். அதே நிறத்தில் மொத்தமாக வாங்கிவைத்த நீள முடி கடையிலேயே கிடக்கும். மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? 1860-களிலும் 70-களிலும் வீட்டிலேயே முடி பின்னக் கற்றுத்தரும் கையேடுகள் லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளிவந்தன. உங்கள் கையால் செய்தால் உங்களவரின் முடி என்ற நிச்சயம் இருக்கும் என்பதே அவை முன்வைத்த பெரிய வாதம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 150 முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. கையேட்டை வாங்கிய பெண்கள் யாருடைய முடியைப் பின்ன உட்கார்ந்தார்கள் என்று யோசித்தால் மனம் கனக்கிறது.

இனி முன்பக்கத்துக்கு வருவோம். 1861 டிசம்பர் 14 அன்று வின்ட்சர் அரண்மனையில், விக்டோரியா அரசியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட் 42 வயதில் இறந்தார். விக்டோரியா அரசி 1901-இல் தான் இறக்கும்வரை, ஏறக்குறைய 40 ஆண்டுகள், கறுப்பு உடையை விடவில்லை. துக்க நகையை விக்டோரியாதான் தொடங்கிவைத்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே அதற்கு இரண்டு நூற்றாண்டு வயது. முடி நகையும் அவருக்குத் துக்கத்தோடு வந்ததல்ல. 1840-இல் மூத்த மகள் பிறந்தபோது ஆல்பர்ட் ஒரு கைவளை கொடுத்தார். அதில் இதய வடிவ எனாமல் லாக்கெட் ஒன்று, உள்ளே குழந்தையின் முடி. பிள்ளை பிறக்கப் பிறக்க லாக்கெட்டும் ஒவ்வொன்றாகக் கூடி ஒன்பதாயிற்று, ஆளுக்கு ஒரு நிறம். அது மகிழ்ச்சியின் நகை. விக்டோரியா செய்தது வேறு: துக்கத்துக்கு ஒரு அரசச் சீருடையைக் கொடுத்துவிட்டார்.

அரசவை கறுத்தது. பார்த்து நடுத்தர வர்க்கமும் கறுத்தது. கணவனை இழந்தவள் இரண்டரை ஆண்டு துக்கம் காக்க வேண்டும். முதல் ஓராண்டும் ஒரு நாளும் பளபளப்பே இல்லாத கிரேப் துணி, போட்டால் மங்கலான கறுப்பு நகை மட்டும். பிறகு படிப்படியாகத் தளர்ந்து, கடைசி மாதங்களில் சாம்பல், இளஊதா நிற உடை, முத்து, செவ்வந்திக்கல். மனைவியை இழந்த ஆணுக்கோ சில மாதங்கள்தான், அதிலும் வேலைக்குப் போகத் தடையில்லை. துக்கத்தை உடம்பில் சுமந்து காட்டும் வேலையைச் சமூகம் பெண்ணிடமே கொடுத்தது. இந்த இடத்தில் நம் பக்கத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கரிகாலன் இறந்ததைப் பாடும் புறநானூற்று 224-ஆம் பாடல், 'மெல்லியல் மகளிரும் இழைகளைந் தனரே' என்று முடிகிறது. கடுங்கோடையில் பசித்த மாடுகளுக்காக ஆயர் பூவோடு கொய்துவிட்ட வேங்கை மரம் போல நின்றார்களாம். அங்கே நகையைப் பூட்டிச் சொன்னதை இங்கே நகையைக் கழற்றிச் சொன்னோம். கழற்றச் சொன்னாலும் பூட்டச் சொன்னாலும் சொல்லப்பட்டது பெண்ணுக்குத்தான்.

கறுப்பு நகை என்றால் எதில் செய்வது? இதற்கு விடையாக வளர்ந்தது யார்க்‌ஷயர் கடற்கரையின் விட்பி என்ற மீன்பிடி ஊர். அங்கே பாறைச் சரிவுகளில் கிடைக்கும் பொருளின் பெயர் ஜெட். விமானத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர் காலத்தில், அரவுகேரியா இன மரங்கள் கடலில் விழுந்து, சேற்றில் புதைந்து, அழுத்தத்தில் இறுகிக் கரியானவை. கையில் எடுத்தால் எடையே தெரியாது. கல்லின் குளிர்ச்சியும் இருக்காது. தேய்த்தால் சிறு தாள் துண்டுகளைத் தன்னிடம் இழுக்கும். மெருகிடாத பீங்கானில் உரசினால் கறுப்புக் கோடு விழாது, பழுப்புக் கோடுதான் விழும். எடை இல்லாததால் முட்டை அளவு மணிகளைக் கோத்துக் கழுத்து நிறையப் போட்டாலும் பாரமில்லை. பெரிய பெரிய விக்டோரியன் உடைகளுக்கு அது வசதியாக இருந்தது.

ரோமானியர் காலத்திலேயே யார்க் நகரில் ஜெட் வேலை நடந்திருக்கிறது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விட்பியில் கத்தியும் அரமும் வைத்து மணியும் சிலுவையும் செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கடைசல் இயந்திரம் வந்தபின் வேலை வேகம்பிடித்தது. 1832-இல் அங்கே இரண்டு பட்டறைகள், 25 தொழிலாளர்கள். 1870-களின் தொடக்கத்தில் சுமார் 1,500 பேர். 1851 லண்டன் பெருங்காட்சி விட்பியின் பெயரை வெளியே கொண்டுபோனது. ஆல்பர்ட்டின் சாவு அந்த ஊருக்குச் சோறு போட்டது என்றே சொல்லலாம். வேலை லேசானதல்ல. கரும்பொடி பறக்கும் நெருக்கடியான அறைகள், கடைசி மெருகுக்குச் சிவப்பு இரும்புத் தூள். நடு ஊரில் பாழடைந்த ஒரு கட்டடத்தின் மேல்மாடத்தில் பழைய பட்டறை ஒன்று கருவிகளோடு அப்படியே அகப்பட்டது. அதைப் பெயர்த்தெடுத்து மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள்.

தேவை கூடியதும் மலிவான போலிகள் வந்தன. 'பிரெஞ்சு ஜெட்' என்பது வெறும் கறுப்புக் கண்ணாடி, தொட்டால் சில்லென்றிருக்கும். ரப்பரைக் கந்தகத்தோடு இறுக்கிய எபோனைட் அச்சில் வார்க்க எளிது, ஆனால் வெயில் பட்டுப்பட்டுப் பழுப்பேறிவிடும். அயர்லாந்துக்காரர்கள் சதுப்பு நிலத்தில் புதைந்து கறுத்த ஓக் மரத்தைச் செதுக்கினார்கள். 1854-இல் தூய்மை குறைந்த 15, 12, 9 காரட் தங்கத்துக்கும் சட்டம் முத்திரை அனுமதித்தது. பர்மிங்காம் பட்டறைகளில் 'நினைவாக' என்று முன்கூட்டியே எழுதிய ப்ரூச்சுகள் நூற்றுக்கணக்கில் அச்சாகின. கடையில் வாங்கி, பின்பக்கக் குழியில் உங்கள் முடியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். இப்படி வந்த பழைய ப்ரூச்சுகளில் சிலவற்றின் பின்குழி காலியாகவே இருக்கிறது. முடி விழுந்துவிட்டதா, வைக்கவே இல்லையா, யார் சொல்ல முடியும்? எனக்கு அந்தக் காலிக் குழிகள்தான் அதிகம் உறுத்துகின்றன.

1880-களில் ஜெட் மோகம் தணிந்தது. விக்டோரியாவின் கடைசிப் பயணத்திலும் இந்த முன்பக்கம், பின்பக்கம் கதை தொடர்ந்தது. தன் சவப்பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று அரசி ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தார். ஆல்பர்ட்டின் வீட்டு அங்கி, அவர் கையின் வார்ப்பு, மோதிரங்கள். இடது கையில் மட்டும், பணியாளர் ஜான் பிரவுனின் படமும் அவருடைய ஒரு கற்றை முடியும். குடும்பத்தார் கண்ணில் படாதபடி மருத்துவர் ஜேம்ஸ் ரீட் பூக்களால் அதை மூடிவிட்டார். நாடே பார்த்த 40 ஆண்டுக் கறுப்பு ஆல்பர்ட்டுக்கு. பூவுக்கு அடியில் இருந்தது இன்னொருவருக்கு.

முதல் உலகப் போர் இதையெல்லாம் முடித்துவைத்தது. பிரிட்டன் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோரை இழந்தது. தெருவுக்குத் தெரு சாவு. எல்லோரும் இரண்டரை ஆண்டு கறுப்பு உடுத்தினால் நாடு என்னவாகும்? தொழிற்சாலைக்குப் போக வேண்டிய பெண்களுக்குக் கிரேப் முகத்திரையும் ஜெட் மாலையும் சரிப்படவில்லை. அதைவிடப் பெரிய மாற்றம், உடல்கள் ஊர் திரும்பவில்லை. விழுந்த இடத்திலேயே அடக்கம் என்று அரசு முடிவெடுத்தது. பிரான்ஸில் புதைந்த மகனின் முடியைத் தாய் எங்கே போய் வெட்டி எடுப்பாள்? அரசு அவளுக்கு 12 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு வெண்கலத் தகடு அனுப்பியது. பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா, சிங்கம், மகனின் பெயர். எல்லோரும் சமம் என்பதால் பதவி குறிப்பிடப்படவில்லை. 13 லட்சத்துக்கும் மேல் தகடுகள் வார்க்கப்பட்டன. மக்கள் அதற்கு வைத்த பெயர் 'செத்தவன் காசு'. சுவரில் மாட்ட ஏற்றது, உடம்பில் அணிய முடியாதது. பின்பக்கத்தில் கண்ணாடிக் குழியும் இல்லை.

நூறு ஆண்டு கழித்து அந்தக் குழி வேறு வடிவத்தில் திரும்பியிருக்கிறது. தகனம் செய்த சாம்பலிலிருந்தோ முடியிலிருந்தோ கரிமத்தைப் பிரித்து, பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைரமாக்கித் தரும் ஆய்வகங்கள் சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் இயங்குகின்றன. வாரக்கணக்கில் ஆகும் வேலை. இந்த வைரங்கள் பெரும்பாலும் நீலச் சாயலில் வருகின்றன. சாம்பலில் தங்கியிருக்கும் போரான் என்ற தனிமம் படிகத்துக்குள் புகுவதால் ஏற்படும் நிறம் அது. ஆளுக்கு ஆள் அந்த அளவு மாறும். ஒருவருக்கு வானத்தின் வெளிர்நீலம், இன்னொருவருக்குக் கடலின் ஆழ்ந்த நீலம். எது வரும் என்று கல் வெளியே வரும்வரை செய்பவருக்கே தெரியாது.